உறைப்புக் குறைந்த திங்கள்

லாண்ட்ஸ்டூலில் இன்று திங்கட்கிழமை.
பனி கொட்டி, பாதி கரைந்து, திரும்ப இறுகி
குப்பைவாளி மூடியெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது.
சிவப்புப் பயற்றை நேற்றிரவே ஊறப்போட்டேன்.
"ஆருடைய நாட்டுச் சாப்பாடு இது?"
முப்பதாவது வருசமாகக் கேட்கிறாள் மனுசி.
கேட்டுக்கொண்டே
கறுவாப்பட்டை இடிக்கிறாள்.

அமெரிக்கப் படைமுகாம் கன்டீனில்
முதலில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை.
பேந்து வெங்காயம். பேந்து அடுப்பு.
அடுப்புக்கு வந்த மூன்றாம் கிழமை
லானி கூபிச்செக் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தான்.
ஊர் நெப்ராஸ்கா. ட்ரக் திருத்துகிறவன்,
நகக்கண்ணில் எந்நாளும் கிரீஸ்.
"நல்லாத்தான் இருக்கு," என்றான்,
"ஆனால் இது சில்லி இல்லை."

எங்கள் தூளில் இரண்டு கரண்டி போட்டிருந்தேன்,
பாவம் பிள்ளைகள் என்று.

அடுத்த திங்கள் ஒரு கரண்டி.
இல்லை என்றான்.
அதற்கடுத்தது அரை.
தலையை மட்டும் ஆட்டினான்.
"எங்கட பள்ளிக்கூடச் சமையல்காரி
உப்பையே யோசிச்சுத்தான் போடுவா."
எனக்குக் கூட்டத்தான் தெரியும்.
கழிப்பதை
அந்த மாரி முழுக்க
அவனிடம் படித்தேன்.

பிறகு சொன்னான்:
பக்கத்தில் ஒரு கறுவா ரோல் வேணும்.
மேலே சீனிப்பாகு வழியவேணும்.
அதைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்து...
நான் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.
பாயசத்துக்குள் அப்பளம் நொறுக்கிப் போடுகிற சாதியில்
பிறந்தவன் நான்,
எனக்கென்ன சிரிப்பு?

நான் மா குழைக்க
அவன் கதவில் சாய்ந்து நின்று சொல்லுவான்.
வீதிக்கு இரண்டு பக்கமும் சோளம்.
பக்கத்து ஊரில் ஆர் லைட் போட்டாலும் தெரியுமளவு தட்டை நிலம்.
ஊரிலேயே உயரமானது தானியக் களஞ்சியம்,
வெள்ளை வெளேரென்று.
"கோபுரம் மாதிரியோ?" என்றேன்.
"உள்ளே எலிதான்," என்றான்.
பள்ளிக்கூட பஸ்சில் ஒரு மணித்தியாலம்,
கண்ணாடியின் உட்பக்கமும் ஐஸ்.
இறங்கும்போதே வாசலில் கறுவா மணக்கும்.
திங்கட்கிழமை என்று
மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

ஆறாம் திங்களோ ஏழாம் திங்களோ,
கழிக்க இனி ஒன்றுமில்லாத ஒரு சட்டியிலிருந்து
ஒரு வாய் எடுத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.
மற்றப் பொடியன்கள் கேலி பண்ணத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டார்கள்.

தொண்ணூற்றேழில் போனான்.
ஒரே ஒரு அட்டை வந்தது:
பிள்ளைகள் போதாதென்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்களாம்,
குசினியை ஆரோ வாங்கி
டயர் அடுக்கி வைத்திருக்கிறானாம்.
பதில் எழுத நினைத்தேன்.
நினைத்தபடியே இருக்கிறேன்.

அங்கே நான் போனதில்லை.
பேரப்பிள்ளையின் உலகப்படத்தில்
விரல் வைத்துத் தேடினால்
அந்த ஊர் விரலுக்கடியில் மறைந்துபோகும்.
என்றாலும் ஆவணியில்
ரயில் ப்ரூக்மூல்பாக்கைத் தாண்டும்போது
மாட்டுத்தீனிக்காக நிற்கும் சோளத்தைக் கண்டால்
எனக்கு எதுவோ செய்கிறது.
எனக்குச் சொந்தமில்லாத எதுவோ.

மூத்தவள் மன்ஹைமிலிருந்து வந்தால்
புட்டுக் கேட்பதில்லை.
சனி இரவு வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே
"அப்பா, திங்கள் இருக்கோ?" என்பாள்.
எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.
நேற்று வந்து மிச்சமிருந்த ரோலில் நாலைச்
சுற்றிக்கொண்டு போனாள்.

பயறு வெந்துவிட்டது.
நான் யன்னல்பக்கம் திரும்பும் நேரம் பார்த்து
மனுசி
கால் கரண்டி தூளைச் சட்டிக்குள் தட்டுகிறாள்.
லானி என்றால் முதல் வாயிலேயே பிடித்திருப்பான்.
நான் காணாதவன் மாதிரி
ரோலைப் பிய்க்கிறேன்.